அமெரிக்க இடைக்காலத் தேர்தல் கருத்துக்கணிப்புகளைப் படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

2022 நவம்பர் 8-ஆம் தேதிக்கு முந்தைய வாரங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சி விவாதங்களில் அதிகம் அடிபட்ட சொல் ‘சிவப்பு அலை’; சிவப்பு அங்கே குடியரசுக் கட்சியின் நிறம். குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையைப் பெரும் வித்தியாசத்தில் வாரிச் சுருட்டிவிடும் என்று பலர் உறுதியாகப் பேசினார்கள். முடிவில் அக்கட்சி வென்றது 222 இடங்கள். பெரும்பான்மைக்குத் தேவை 218. நாடு முழுவதும் பதிவான வாக்குகளில் அக்கட்சி 2.8 சதவீதப் புள்ளிகள் முந்தியிருந்தது. தேர்தலுக்கு முந்தைய நாள் வெளியான கருத்துக்கணிப்புச் சராசரிகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், அவை காட்டியிருந்த முன்னிலையும் ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டரைப் புள்ளிகள்தான். அந்த ஆண்டு நாடு தழுவிய கணிப்புகள் நன்றாகவே வேலை செய்தன. அவற்றைப் படித்தவர்களே தடுமாறினார்கள். அந்தத் தடுமாற்றத்தைத் தவிர்க்க விரும்பும் வாசகருக்காக எழுதப்பட்டது இவ்வழிகாட்டி.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் ‘இடைத்தேர்தல்’ என்றால் காலியான ஒரு தொகுதிக்கு நடக்கும் தேர்தல். அமெரிக்காவில் அதிபரின் நான்காண்டுப் பதவிக்காலத்தின் நடுவில் நாடு முழுவதும் நடப்பது வேறு. அதை இங்கே ‘இடைக்காலத் தேர்தல்’ என்று குறிப்பிடுகிறேன். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களும், செனட்டின் 100 இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், 36 மாநிலங்களின் ஆளுநர் பதவிகளும் அன்று வாக்குப்பதிவுக்கு வருகின்றன. நவம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமைக்கு அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை அதற்கான நாள். 2026-இல் அது நவம்பர் 3.

முதல் படி: எதை அளக்கும் கணிப்பு என்று பிரித்தறியுங்கள்

இத்தேர்தலையொட்டி வெளிவரும் கணிப்புகள் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. அதிபரின் செயல்பாட்டை ஏற்கிறீர்களா என்று கேட்பது ஒன்று. ‘இன்று தேர்தல் நடந்தால் உங்கள் தொகுதியில் எந்தக் கட்சியின் வேட்பாளருக்கு வாக்களிப்பீர்கள்’ என்று வேட்பாளர் பெயர் சொல்லாமல் நாடு முழுவதும் கேட்பது இன்னொன்று. இதைப் பொதுக் கட்சிக் கேள்வி எனலாம். செனட், ஆளுநர் போட்டிகளுக்கு மாநில அளவில் வேட்பாளர்களின் பெயரைச் சொல்லிக் கேட்பது மூன்றாவது. தனித் தொகுதியொன்றில் கேட்பது நான்காவது. எண்ணிக்கையில் மிகக் குறைந்ததும் நம்பகத்தில் மிகப் பலவீனமானதும் இதுவே.

அதிபர் மீதான அதிருப்தி அவருடைய கட்சியின் மீது இறங்குவது நீண்டகால வழக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இடைக்காலத் தேர்தல்களில் அதிபரின் கட்சி பிரதிநிதிகள் சபையில் இடங்களைக் கூட்டிக்கொண்டது 1998-இலும் 2002-இலும் மட்டுமே. அவ்விரு ஆண்டுகளிலும் அதிபருக்கான ஏற்பு 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் ஏற்பு விகிதத்திலிருந்து இழக்கப்போகும் இடங்களை நேராகக் கணக்கிட முயல்வது வீண்வேலை. ஒபாமா 2010-இல் சுமார் 45 சதவீத ஏற்புடன் 63 இடங்களைப் பறிகொடுத்தார். பைடன் 2022-இல் 40 சதவீதத்தை ஒட்டிய ஏற்புடன் இழந்தது நிகரமாக 9 இடங்களை மட்டுமே.

இரண்டாம் படி: யாருடைய பதில் எண்ணப்பட்டது என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஒவ்வொரு கணிப்பும் வயதுவந்தோர் அனைவரையும், அல்லது பதிவுசெய்த வாக்காளர்களை, அல்லது ‘வாக்களிக்க வரக்கூடியவர்கள்’ என்று நிறுவனம் தீர்மானித்தவர்களைக் கணக்கில் எடுக்கிறது. அதிபர் தேர்தலில் இம்மூன்றுக்கும் உள்ள இடைவெளி ஓரளவு சிறியது; இடைக்காலத் தேர்தலில் அது பள்ளத்தாக்கு. 2020 அதிபர் தேர்தலில் தகுதியுள்ளோரில் ஏறக்குறைய மூன்றில் இருவர் வாக்களித்தனர். 2014 இடைக்காலத் தேர்தலில் வந்தவர்கள் சுமார் 37 சதவீதம்; அது 1942-க்குப் பிறகு கண்ட மிகக் குறைந்த அளவு. நான்கே ஆண்டுகளில், 2018-இல், அது ஏறத்தாழ 50 சதவீதமாக எகிறியது. 2022-இல் சுமார் 46. எனவே கணிப்பாளர் அளக்க முயல்வது இன்னும் உருவாகாத ஒரு கூட்டத்தை. யார் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள் என்பது வாக்குப்பதிவு முடிந்த பிறகுதான் தெரியும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பதிவுசெய்த ஆயிரம் வாக்காளர்களில் 500 பேர் ஜனநாயகக் கட்சிக்கும் 500 பேர் குடியரசுக் கட்சிக்கும் ஆதரவு என்று வைத்துக்கொள்வோம். முன்னவர்களில் 60 சதவீதமும் பின்னவர்களில் 66 சதவீதமும் வாக்களிக்க வந்தால், பதிவாகும் வாக்குகள் 300-க்கு 330. அதாவது 47.6-க்கு 52.4; கிட்டத்தட்ட ஐந்து புள்ளி வித்தியாசம். ஒருவர்கூட மனம் மாறவில்லை. வீட்டைவிட்டுக் கிளம்பியவர்களின் எண்ணிக்கை மட்டுமே மாறியது.

உண்மையில் நடந்த உதாரணம் இதைவிடக் கூர்மையானது. 2010-இல் காலப் நிறுவனத்தின் கடைசிக் கணிப்பில், பதிவுசெய்த வாக்காளர்களிடையே குடியரசுக் கட்சியின் முன்னிலை 48-க்கு 44, அதாவது நான்கு புள்ளி. அதே கணிப்பில் வாக்களிக்க வரக்கூடியவர்களை மட்டும் பிரித்தெடுத்தபோது அது 55-க்கு 40 ஆகி, பதினைந்து புள்ளியாக வீங்கியது. தேர்தலில் கிடைத்த வித்தியாசம் ஏழுக்குச் சற்றுக் குறைவு. ஒரே வாரம், ஒரே நிறுவனம், ஒரே கேள்வி. சல்லடையை மாற்றியதும் பதினொரு புள்ளிகள் இடம் பெயர்ந்தன.

அந்தச் சல்லடை எப்படிச் செய்யப்படுகிறது என்று விசாரிப்பது அடுத்த வேலை. ‘நிச்சயம் வாக்களிப்பீர்களா, சென்ற முறை வாக்களித்தீர்களா, உங்கள் வாக்குச்சாவடி எங்கே என்று தெரியுமா’ எனக் கேட்டு மதிப்பெண் போட்டு, குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே உள்ளவர்களை ஒதுக்கிவிடுவது பழைய முறை. வாக்களிப்பேன் என்று சொல்லிவிட்டு வராதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு என்பதால் அதில் ஓட்டை விழுந்தது. இப்போது பல நிறுவனங்கள் அரசின் வாக்காளர் பதிவேட்டிலிருந்து ஒருவர் முந்தைய தேர்தல்களில் வாக்களிக்க வந்தாரா என்பதைப் பார்த்து (யாருக்கு வாக்களித்தார் என்பது அதில் இருக்காது), அவர் வருவதற்கான வாய்ப்பை ஒரு விகிதமாகக் கணக்கிட்டு, அவருடைய பதிலுக்கு அந்த அளவுக்கு மட்டும் மதிப்பளிக்கின்றன.

இங்கே ஒரு பழைய பாடத்தை மறக்கவும் வேண்டியிருக்கிறது. 2010, 2014 ஆகிய ஆண்டுகளில் வாக்களிக்க வருவோரின் கூட்டம் சுருங்கச் சுருங்கக் குடியரசுக் கட்சிக்கு ஆதாயம் என்பதே விதியாக இருந்தது. 2016-க்குப் பிறகு கல்லூரிப் பட்டதாரிகள், அதாவது எந்தத் தேர்தலையும் தவறவிடாத வர்க்கத்தினர், ஜனநாயகக் கட்சியை நோக்கி நகர்ந்தார்கள். எப்போதாவது வாக்களிப்பவர்களில் பலர் டிரம்ப்பின் பக்கம் போனார்கள். 2025 நவம்பரில் நியூ ஜெர்சி ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் மிக்கி ஷெரில் ஏறக்குறைய 14 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். கணிப்புச் சராசரிகள் அவருக்குத் தந்திருந்தது ஒற்றை இலக்கம். டிரம்ப்பின் பெயர் வாக்குச்சீட்டில் இல்லாத தேர்தலில் அவருடைய ஆதரவாளர்களில் எத்தனை பேர் வருவார்கள் என்பதே 2026 கணிப்புகளுக்கும் மையக் கேள்வி என்பது என் கருத்து. கோடைக்காலத்தில் பதிவுசெய்த வாக்காளர்களைக் காட்டும் நிறுவனங்கள் பல, செப்டம்பரின் முதல் திங்கட்கிழமையான தொழிலாளர் தினத்துக்குப் பிறகு வரக்கூடியவர்களின் கணக்குக்கு மாறும். அப்போது முன்னிலை திடீரென்று நகர்ந்தால், நாட்டு மனநிலை மாறிவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் சல்லடை மாறியதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: ஆட்களை எப்படிப் பிடித்தார்கள்?

பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில், அழைத்தவர்களில் பதிலளித்தவர்களின் விகிதம் 1997-இல் 36 சதவீதமாக இருந்தது. 2018-இல் 6 சதவீதம். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நாமும்தான் எடுப்பதில்லை. போதாக்குறைக்கு, 1991-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, தானியங்கிக் கருவி மூலம் முன்னனுமதியின்றி கைப்பேசிகளை அழைப்பதைத் தடுக்கிறது. ஆகவே பல காலம் கைப்பேசி எண்களை ஆள் வைத்து அழுத்த வேண்டியிருந்தது, செலவு ஏறியது. குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவது, அஞ்சல் முகவரிகளிலிருந்து தேர்ந்தெடுத்து நிரந்தரக் குழு அமைப்பது, தாமாக முன்வந்து சேர்ந்தவர்களின் இணையக் குழுவிடம் கேட்பது எனப் பல வழிகள் இதனால் பிறந்தன. இவற்றில் கடைசி வழி மலிவானது, வேகமானது. கணிப்பு எண்ணிக்கையில் பெருகியதற்கும் தரத்தில் ஏற்றத்தாழ்வு மிகுந்ததற்கும் அதுவே பெரிய காரணம்.

பெரிய எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். 1936 அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் ஏறக்குறைய ஒரு கோடி அட்டைகளை அஞ்சலில் அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. வென்றவர் ரூஸ்வெல்ட், அதுவும் சுமார் 61 சதவீத வாக்குகளுடன். கார் உரிமையாளர் பட்டியலிலும் தொலைபேசிப் புத்தகத்திலும் இருந்து பெயர் எடுத்ததும், அட்டையைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு ஆர்வமுள்ளவர்கள் மட்டும் பதில் தந்ததும் சேர்ந்து அந்தப் பிழையை விளைவித்தன.

நான்காம் படி: எடையிடலைக் கேளுங்கள்

பதிலளிப்பவர்கள் மக்களின் அச்சு அசலான நகலாக ஒருபோதும் அமைவதில்லை. முதியவர்களும் பட்டதாரிகளும் கூடுதலாகப் பதில் சொல்கிறார்கள். அந்தக் கோணலை நிமிர்த்த, குறைவாக உள்ள பிரிவினரின் பதிலுக்குக் கூடுதல் எடை கொடுக்கிறார்கள். மீண்டும் கற்பனைக் கணக்கு: கணிப்பில் பாதிப் பேர் பட்டதாரிகள், உண்மையான வாக்காளர்களில் அவர்கள் பத்துக்கு நான்கு பேர். பட்டதாரிகளிடம் ஜனநாயகக் கட்சிக்கு 56 சதவீதமும், மற்றவர்களிடம் 43 சதவீதமும் ஆதரவு என்றால், எடையிடாத கணக்கில் அக்கட்சி 49.5, எடையிட்டால் 48.2. ஒரு புள்ளியாக இருந்த பின்னடைவு மூன்றரைப் புள்ளிக்கு மேல் போகிறது. 2016-இல் மாநிலக் கணிப்புகள் பல கல்வித் தகுதிக்கு எடையிடாமல் விட்டதே டிரம்ப்பின் பலத்தைக் குறைத்துக் காட்டியதற்கு ஒரு காரணம் என்று கருத்துக்கணிப்பு ஆய்வாளர்களின் அமெரிக்கச் சங்கம் பின்னர் ஆராய்ந்து சொன்னது.

எடையிடல் எவ்வளவு தூரம் தனிமனித முடிவு என்பதை நியூயார்க் டைம்ஸ் 2016 செப்டம்பரில் செய்த சோதனை காட்டியது. புளோரிடாவில் 867 பேரிடம் எடுத்த ஒரே கணிப்பின் மூலத் தரவை நான்கு நிபுணர் குழுக்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழு கிளின்டன் நான்கு புள்ளி முன்னிலை என்றது. மற்றொன்று மூன்று என்றது. இன்னொன்று ஒன்று என்றது. நான்காவது குழு டிரம்ப் ஒரு புள்ளி முன்னிலை என்றது. தரவு ஒன்றுதான், தவறிழைத்தவர் எவருமில்லை. ஆனாலும் ஐந்து புள்ளி விரிசல். கல்வி, வயது, இனம் ஆகியவற்றுடன், முந்தைய தேர்தலில் யாருக்கு வாக்களித்தார் என்று பதிலளித்தவர் சொன்னதற்கும் எடையிட்டார்களா என்பதை முறைவிளக்கக் குறிப்பில் தேடுங்கள். அப்படியொரு குறிப்பையே வெளியிடாத நிறுவனத்தின் கணிப்பை நான் படிப்பதில்லை.

ஐந்தாம் படி: பிழை வரம்பை இரட்டிப்பாக்குங்கள்

ஆயிரம் பேரிடம் எடுத்த கணிப்புக்குக் கூட்டல் கழித்தல் 3 புள்ளியும், 600 பேரிடம் எடுத்ததற்கு 4 புள்ளியும் பிழை வரம்பு என்பார்கள். அது ஒரு வேட்பாளரின் ஆதரவுக்கு உரியது. இருவருக்கும் இடையேயான முன்னிலைக்கு அது ஏறக்குறைய இரு மடங்கு. 48-க்கு 46 என்று 600 பேரிடம் எடுத்த கணிப்பு சொன்னால், முன்னிலையில் இருப்பவர் பத்துப் புள்ளி முன்னாலும் இருக்கலாம், ஆறு புள்ளி பின்னாலும் இருக்கலாம். இதுவும் குலுக்கல் முறையின் தற்செயல் பிழையை மட்டும் அளப்பது. பதில் சொல்லாதவர்களால் வரும் சாய்வு இதற்குள் அடங்காது. முன்னாள் தேர்தல்களின் கணிப்புகளை ஆயிரக்கணக்கில் ஒப்பிட்ட ஆய்வில், நடைமுறைப் பிழை அறிவிக்கப்படும் வரம்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு என்றே தெரியவந்தது.

உட்பிரிவுகளில் நிலைமை இன்னும் மோசம். ‘இந்திய அமெரிக்கர்கள் இந்தக் கட்சிக்குச் சாய்கிறார்கள்’ என்று நம் நாளிதழ்களில் செய்தி வரும்போது, மூலக் கணிப்பில் அவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். அமெரிக்க மக்கள்தொகையில் இந்திய வம்சாவளியினர் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். ஆயிரம் பேர் கொண்ட பொதுக் கணிப்பில் பதினைந்து பேர் இருந்தாலே அதிகம். அவர்களுக்கென்று தனியாக எடுத்த கணிப்பாக இல்லாவிட்டால் அந்தச் செய்தியைக் கடந்துவிடலாம்.

ஆறாம் படி: தேதியும் பணம் கொடுத்தவரும்

வெளியான தேதியைவிடக் களத்தில் கேட்ட தேதி முக்கியம். 2022 ஜூன் 24 அன்று கருக்கலைப்பு உரிமை குறித்த ரோ தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்கு முன் எடுத்த கணிப்பும் பின் எடுத்த கணிப்பும் வெவ்வேறு தேர்தல்களைப் பற்றியவை போலவே இருந்தன. ஆகஸ்ட் 2 அன்று பழமைவாத மாநிலமான கான்சாஸில், கருக்கலைப்பு உரிமையை நீக்கும் மாநில அரசியலமைப்புத் திருத்தத்தை ஏறக்குறைய 59 சதவீதத்தினர் நிராகரித்தார்கள். மூன்று வாரம் கழித்து நியூயார்க்கின் 19-ஆம் தொகுதி சிறப்புத் தேர்தலில், கணிப்புகளில் பின்தங்கியிருந்த ஜனநாயகக் கட்சியின் பாட் ரையன் வென்றார். அலை பற்றிய பேச்சைச் சந்தேகிக்க இவ்விரண்டு முடிவுகளே போதுமானவையாக இருந்தன.

வேட்பாளரோ கட்சியோ பணம் கொடுத்து எடுத்த கணிப்பு, தங்களுக்குச் சாதகமாக இருந்தால்தான் பொதுவெளிக்கு வரும். பாதகமானது அலமாரியில் தூங்கும். இதில் பொய் எதுவும் தேவையில்லை, தேர்வு மட்டும் போதும். தனித் தொகுதிக் கணிப்புகளில் பெரும்பகுதி இவ்வகை. அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு வெளியீட்டுக்குத் தேர்தல் ஆணையத் தடையோ அமைதிக் காலமோ கிடையாது என்பதால், கடைசி நாள்வரை இவை கொட்டிக்கொண்டே இருக்கும்.

ஏழாம் படி: சராசரியைப் பாருங்கள், அதையும் சந்தேகத்தோடு

தனிக் கணிப்பைவிடச் சராசரி மேல். ஆனால் சராசரி யாருடையது என்பதும் கேள்வியே. பல ஆண்டுகள் வழிகாட்டியாக இருந்த ஃபைவ்தர்ட்டிஎயிட் தளத்தை 2025 மார்ச்சில் ஏபிசி மூடிவிட்டது. ரியல்கிளியர்பாலிடிக்ஸ், நியூயார்க் டைம்ஸ், நேட் சில்வரின் சில்வர் புல்லட்டின் ஆகியவை இப்போது கிடைப்பவற்றுள் சில. முன்னது தான் எடுத்துக்கொள்ளும் கணிப்புகளைச் சமமாகக் கூட்டி வகுக்கிறது. பின்னவை நிறுவனத்தின் தரத்துக்கும் கடந்தகாலச் சாய்வுக்கும் திருத்தம் செய்கின்றன. 2022-இன் கடைசி வாரங்களில் குடியரசுக் கட்சிச் சார்புடைய நிறுவனங்கள் மாநிலப் போட்டிகளில் அடுத்தடுத்து கணிப்புகளை இறக்கியபோது, எளிய சராசரிகளே அதிகம் இழுபட்டன. பென்சில்வேனியா செனட் போட்டியில் குடியரசுக் கட்சியின் மெஹ்மெட் ஓஸ் மயிரிழை முன்னிலையில் இருப்பதாகச் சராசரிகள் காட்டின. ஜனநாயகக் கட்சியின் ஜான் ஃபெட்டர்மேன் ஏறக்குறைய ஐந்து புள்ளி வித்தியாசத்தில் வென்றார். அதே ஆண்டில் புளோரிடா ஆளுநர் போட்டியில் குடியரசுக் கட்சியின் டிசாண்டிஸ் பெற்ற 19 புள்ளி வெற்றி சராசரிகள் தந்ததைவிட மிகப் பெரியது. ஆகவே, ‘இந்த ஆண்டு எல்லாக் கணிப்பும் ஒரு பக்கம் சாய்கிறது’ என்ற முன்முடிவும் உதவாது.

எட்டாம் படி: வாக்கை இடமாக மாற்றுதல்

பொதுக் கட்சிக் கேள்வியின் முன்னிலை அப்படியே இடங்களாக மாறுவதில்லை. 2018-இல் ஜனநாயகக் கட்சி 8.6 புள்ளி முன்னிலையில் 235 இடங்களைப் பெற்றது. அதே இரவில் செனட்டில் நிகரமாக இரண்டு இடங்களை இழந்தது. காரணம் அந்த ஆண்டு வாக்குப்பதிவுக்கு வந்த மாநிலங்களின் பட்டியல். செனட் விஷயத்தில் நாடு தழுவிய கணிப்பை மூடிவைத்துவிட்டு மாநிலக் கணிப்புகளுக்குப் போவதே சரி.

பிரதிநிதிகள் சபையில் தொகுதி எல்லைகள் பேசுகின்றன. வழக்கமாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறும் எல்லைகளை 2025-இல் டெக்சாஸ் இடையிலேயே குடியரசுக் கட்சிக்கு ஆதாயமாகத் திருத்தியது. பதிலுக்குக் கலிபோர்னியா வாக்காளர்கள் நவம்பரில் ஜனநாயகக் கட்சிக்கு ஆதாயமான வரைபடத்தை ஏற்றார்கள். வேறு சில மாநிலங்களும் களத்தில் இறங்கின. இதனால் 2022, 2024 எல்லைகளை வைத்துப் போட்ட வாக்கு–இடக் கணக்குகள் 2026-க்கு அப்படியே பொருந்தா. தனித் தொகுதிகளுக்கு, குக் பொலிட்டிகல் ரிப்போர்ட் போன்ற மதிப்பீட்டாளர்களின் தரவரிசை பெரும்பாலும் அரிதாக வரும் கணிப்புகளைவிடப் பயன்படும். அதற்கும் எல்லை உண்டு: 2022-இல் வாஷிங்டன் மாநிலத்தின் 3-ஆம் தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் மேரி கிளூசென்கேம்ப் பெரெஸ் வெல்லும் வாய்ப்பு இரண்டு சதவீதம் என்று ஃபைவ்தர்ட்டிஎயிட் கணித்தது, அவர் வென்றார். பாதுகாப்பான தொகுதி என்று கருதப்பட்ட கொலராடோ 3-ஆம் தொகுதியில் குடியரசுக் கட்சியின் லாரன் போபர்ட் தப்பித்தது 546 வாக்கு வித்தியாசத்தில்.

ஒன்பதாம் படி: முடிவோடு ஒப்பிடப் பொறுமை காக்கவும்

தேர்தல் இரவிலேயே ‘கணிப்பு பொய்த்தது’ என்று எழுதுபவர்கள், எண்ணி முடிக்காத வாக்குகளோடு கணிப்பை ஒப்பிடுகிறார்கள். 2022-இல் பிரதிநிதிகள் சபை யார் கைக்குப் போகிறது என்பதே நவம்பர் 16 அன்றுதான் உறுதியானது. தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை பெற்ற வாக்குச்சீட்டுகளைச் சில நாட்கள் தாமதமாக வந்தாலும் கலிபோர்னியா ஏற்றுக்கொண்டதால், அங்கே எண்ணிக்கை வாரக்கணக்கில் நீண்டது. நாடு தழுவிய வாக்கு விகிதமும் அதனுடன் சேர்ந்து நகர்ந்தது. எனவே அக்டோபர் மாதக் கடைசியில் நீங்கள் நம்பிய சராசரியையும், அது பதிவுசெய்தவர்களுடையதா வரக்கூடியவர்களுடையதா என்பதையும், களத் தேதியையும் ஒரு தாளில் குறித்து வைத்துவிட்டு, டிசம்பரில் மாநிலங்கள் சான்றளித்த எண்ணிக்கை வந்தபின் எடுத்துப் பாருங்கள்.